ஆறரை மணி

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாகூரில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் எங்கள் வானொலி மன்றம் கூடியது. மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தில் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர்கள், அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லாரையும் கூட்டினால் ஒன்பது பேர். பதிவு செய்த பெயர் கிடையாது, பேனர் கிடையாது. இறால் வாடாவும் டீயும் உண்டு. அன்று பேச வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த வருஷம் என்னென்ன செய்யப்போகிறோம்.

பட்டியல் வேகமாகத்தான் போனது. ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி தினம், அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் செயல்விளக்கம். கோடை விடுமுறையில் பசங்களுக்கு ஆன்டெனா கட்டச் சொல்லித்தருவது. ஆகஸ்டில் உலகம் முழுக்கக் கலங்கரை விளக்கங்களிலிருந்து வானொலியில் பேசும் வாரக்கடைசி ஒன்று வரும். அதற்கு நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்தில் இடம் கேட்டு இப்போதே கடிதம் எழுதுவது. கந்தூரிக் கூட்டத்தில், அனுமதி கிடைத்தால், காணாமல் போகும் குழந்தைகளைத் தேட நாலு வாக்கி டாக்கியோடு நிற்பது. எல்லாவற்றுக்கும் எல்லாரும் தலையாட்டினோம்.

சண்டை வந்தது வாராந்திர ‘நெட்’டுக்கு எத்தனை மணி என்பதில். நெட் என்றால் இன்டர்நெட் இல்லை. குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில், உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி, ‘நான் இருக்கிறேன், நீ கேட்கிறாயா’ என்று பதிவு செய்துகொள்வது. பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை என்றார்கள் நாலு பேர். மன்றத்தின் மூத்தவர், தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நாங்கள் ‘தந்தி சார்’ என்று கூப்பிடுகிறவர், ஆறரை என்றார். ஓட்டெடுத்தோம். ஐந்துக்கு நாலு. ஆறரை ஜெயித்தது. அந்த ஐந்தாவது ஓட்டு என்னுடையது.

“ஏன்டா, ஞாயித்துக்கெழமகூட மனுஷன தூங்கவிட மாட்டியா?” என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். நாங்கள் பயன்படுத்தும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அதிகாலையில் தூரமாகப் போகும். சென்னை, மதுரை மாதிரி பக்கத்து ஊர்களுக்கு ஒன்பதரை மணிதான் சௌகரியம். அவனிடம் அறிவியல் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு நேரம் மட்டும்தான். அதை அந்த மாடியில் நின்று ரெண்டு வாக்கியத்தில் சொல்லிவிட முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கும். நூறு வருஷம்.

*

அமெச்சூர் வானொலிக்காரர்களுக்குக் கிடைத்த இடமே வேண்டாம் என்று மற்றவர்கள் ஒதுக்கியது. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு அமெரிக்கா வானொலிக்கு ஒரு சட்டம் போட்டது. நீள அலைகள் கப்பலுக்கும் ராணுவத்துக்கும் கம்பெனிகளுக்கும். வீட்டில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் 200 மீட்டருக்கும் அதற்குக் கீழேயும் போகட்டும் என்றார்கள். அந்தக் குறுகிய அலைகள் பக்கத்து ஊரைத் தாண்டாது என்பதே அன்றைய பொறியாளர்களின் எண்ணம். பத்தே வருஷத்தில் அமெச்சூர்கள் அதே ‘உதவாத’ அலைகளில் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். 1923 நவம்பரில் பிரான்சின் லெயோன் தெலுவாவும் அமெரிக்க அமெச்சூர்களும் கடலுக்கு இருபுறமும் இருந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். வானத்தில் ஒரு மின்னூட்டப்பட்ட அடுக்கு இருக்கிறது, குறுகிய அலைகள் அதில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வருகின்றன என்பது அதற்குப் பிறகுதான் மெல்ல எல்லாருக்கும் உறைத்தது. யாருக்கும் வேண்டாத நிலத்தை வாங்கினவனுக்குக் கிணறு தோண்டியதும் தண்ணீர் பீறிட்டது மாதிரி.

இந்தியாவில் 1921இல் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து முதல் அமெச்சூர் உரிமம் பெற்றார். 2ஜேகே என்பது அவர் அழைப்புக் குறி. அப்போது ‘வியு’ என்ற இந்திய முன்னெழுத்துகூட இல்லை. அது 1929இல்தான் நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் வானொலி என்ற சமாச்சாரமே ஒரு மன்றத்தில்தான் தொடங்கியது. 1924 மே 16 அன்று சென்னையில் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவானது. அதன் பின்னால் இருந்தவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அவர் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது வானொலிக் கருவிப் பாகங்களையும் கொண்டுவந்திருந்தார். 40 வாட் திறனுள்ள ஒரு டிரான்ஸ்மிட்டர். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு இதைவிட அதிகம் மின்சாரம் தின்னும். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. சாயங்காலங்களில் பாட்டு, பேச்சு. பிறகு 200 வாட் கருவி வந்தது. சந்தா கட்டும் உறுப்பினர்களை நம்பி நடந்த அந்த ஏற்பாடு, காசு தட்டுப்பாட்டில் 1927இல் நின்றுபோனது. கிளப் தன் கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலி வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஆகாசவாணியின் சென்னை நிலையத்துக்குப் பாட்டன் ஒரு கடன்பட்ட கிளப்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கதை. கொழும்புத் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியாளராக 1921இல் வந்த எட்வர்ட் ஹார்ப்பர், ஆர்வலர்களைச் சேர்த்து சிலோன் வயர்லெஸ் கிளப் ஒன்றைத் தொடங்கினார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களை வைத்துக் கட்டிய டிரான்ஸ்மிட்டரில் 1923இல் இசைத்தட்டுப் பாட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. பின்னாளில் ரேடியோ சிலோன் என்று நம் டெல்டா வீடுகளெல்லாம் காது கொடுத்த நிலையத்தின் வேர் அதுதான். எங்கள் வீட்டில் வாப்பா சிங்கப்பூர் சபரிலிருந்து கொண்டுவந்த டிரான்சிஸ்டரில் ஆகாசவாணியைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். நடுவில் இருப்பது வெறும் தண்ணீர் என்பதால் என்று வாப்பா சொல்வார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், உப்புத்தண்ணீர் அலைகளுக்கு நல்ல பாதை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பெரிய நிறுவனங்கள் வருவதற்கு முன்பே யாரோ சில பேர், சம்பளம் இல்லாமல், சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கம்பியைக் கட்டி, ‘கேட்குதா?’ என்று கேட்டிருக்கிறார்கள் என்பது. எங்கள் மொட்டைமாடிக்கும் அவர்களுக்கும் உறவு அந்த ஒரு கேள்விதான்.

*

ஆனால் எந்த அரசாங்கத்துக்கும் அந்தக் கேள்வி நிம்மதி தருவதில்லை. யார் கேட்கிறான், யாரிடம் கேட்கிறான் என்ற சந்தேகம் உடனே வரும்.

1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் ரத்தாயின. கருவிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். அவர்கள் பயந்தது வீண்போகவில்லை. 1942 ஆகஸ்டில், தலைவர்களெல்லாம் சிறைக்குப் போன பிறகு, பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் காங்கிரஸ் ரேடியோ என்ற ரகசிய நிலையத்தை நடத்தினார்கள். டிரான்ஸ்மிட்டரைக் கட்டித்தந்தவர் நரிமன் பிரிண்டர் என்ற வானொலி ஆர்வலர். போலீஸ் மோப்பம் பிடிக்கப் பிடிக்க இடம் மாற்றி மாற்றி நடத்தி, நவம்பரில் பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. என் ஜூனியர்களில் பலருக்கு அவரைவிட வயது அதிகம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948 மே மாதம், மோவ் நகரின் ராணுவ சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் தொடங்கியது. பிறகு அது டெல்லிக்குப் போய் இந்திய அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆனது. ராணுவம் கழித்துப்போட்ட வால்வு செட்டுகளை வாங்கித் தட்டிக்கொட்டிச் சரிசெய்து பேசினார்கள். 1970இல்கூட நாடு முழுவதும் ஆயிரம் பேர் தேறமாட்டார்கள். உரிமத்துக்குத் தேர்வு இன்றும் உண்டு. வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது. கடைசி விதி என்னை யோசிக்க வைத்தது. அலுவலகத்தில் ஒரு வரித் தகவலைக்கூட மறையாக்கம் செய்யாமல் அனுப்பினால் என்னைத் திட்டுவார்கள். இங்கே எதையும் ஒளிக்கக்கூடாது. கேட்கிறவன் எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் பேச வேண்டும்.

எங்கள் கரைக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. ஈழப்போர் நடந்த வருஷங்களில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீட்டு மேல் புதிதாக ஒரு கம்பி தெரிந்தால் போதும், ஊர் பேசும். நான் முதல்முதலாக ஆன்டெனா கட்டியபோது உம்மா சொன்னது இதுதான்: “கம்பியெல்லாம் கட்டாதே, போலீஸு வரும். அப்புறம் யாரு பதில் சொல்றது?” போர் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

இதே மாதிரிக் கெடுபிடி அந்தமானிலும். 1987க்குப் பிறகு அந்தத் தீவுகளிலிருந்து அமெச்சூர் வானொலியில் யாரும் பேசவில்லை, அனுமதி கிடைக்கவில்லை. உலகம் முழுக்க உள்ள ஹாம்களுக்கு, அதாவது எங்களைப் போன்றவர்களுக்கு, அந்தமான் ஒரு கிடைக்காத தபால்தலை. இருக்கும் இடத்தோடு ஒருமுறை பேசி, அதற்குச் சாட்சியாக ஒரு அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் பெரிய ஆசை. பதினேழு வருஷம் கழித்து அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பெண் அங்கே போனார். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், வியு2ஆர்பிஐ. 2004 டிசம்பர் 3 அன்று போர்ட் பிளேரின் ஹோட்டல் ஒன்றிலிருந்து வியு4ஆர்பிஐ என்ற குறியோடு அவர் அழைக்க ஆரம்பித்தார். உலகமே திரும்பி அழைத்தது. இரவு பகலாக ஆயிரக்கணக்கான பேர்.

கவனிக்க வேண்டியது: அவர்கள் போனது விளையாடத்தான். பேரிடருக்கு யாரும் போகவில்லை.

*

டிசம்பர் 26, 2004. ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6:28க்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி உடைந்தது. பாரதி பிரசாத் அந்த நேரத்தில் செட்டின் முன்னால்தான் இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டடம் ஆடியது. பூமி நடுங்குகிறது என்று ஒலிவாங்கியில் சொன்னதோடு தொடர்பு அறுந்தது. சில மணி நேரத்துக்குள் அவர் மறுபடி காற்றில் இருந்தார். விளையாட்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். தீவுகளின் தொலைபேசிகள் செத்துப்போயிருக்க, அந்தமானிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்கு யார் உயிரோடு இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை என்ற சேதிகள் அந்த செட்டுகள் வழியாகப் போயின. சில நாளில் குழுவினர் கார் நிகோபாருக்கும் ஒரு நிலையத்தைக் கொண்டுபோனார்கள். இலங்கையிலும் ஹாம்கள் பேட்டரியையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு அம்பாந்தோட்டைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குத் தொடர்பு கொடுத்தார்கள்.

இந்தக் கதையை ஹாம்கள் பெருமையோடு சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் நாகூர்க்காரன். எனக்கு இந்தக் கதை அங்கே முடியவில்லை.

அன்று எனக்குப் பதினாலு வயது. அரையாண்டு லீவு. ஒன்பது மணி வாக்கில் தெருவில் சனங்கள் மேற்கே ஓடினார்கள். ‘கடல் உள்ள வந்துடுச்சு’ என்றார்கள். எங்கள் தெரு தர்காவுக்கு மேற்கே, தண்ணீர் அவ்வளவு தூரம் வரவில்லை. பட்டினச்சேரி மாதிரி கடலோரக் குப்பங்களுக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தமிழ்நாடு முழுவதும் ஏறக்குறைய எட்டாயிரம். அதில் முக்கால் பங்கு எங்கள் ஒரு மாவட்டம். சுனாமி என்ற சொல்லையே அன்று சாயங்காலம்தான் கேட்டேன்.

பின்னால் பொறியியல் படித்து, வேலைக்குப் போய், தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பதே பிழைப்பாக ஆன பிறகு, ஒருநாள் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர்ட் பிளேரிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். வானொலி அலை அந்தத் தூரத்தைக் கடக்க ஐந்து மில்லி செகண்டுகூட ஆகாது. கடல் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

இரண்டரை மணி நேரம். நாகூரிலிருந்து சைக்கிளில்கூட மேற்கே திருவாரூர் போய்ச் சேர்ந்துவிடலாம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதுமாயிருந்தது.

சேதி எங்கேயும் இல்லாமல் இல்லை. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி மையம் கால் மணி நேரத்தில் ஒரு அறிவிப்பு கொடுத்தது. பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்றது. இந்தியப் பெருங்கடலுக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களிடம் பட்டியல் இல்லை. கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைச் சென்னையிலிருந்த படைப்பிரிவு உயர் அதிர்வெண் வானொலியில் பிடித்தது. மற்ற தொடர்புகள் அறுந்திருந்தன. காலை ஏழரைக்குத் தகவல் வந்தது என்றும், தீவுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்பதே கடைசிச் சேதி என்றும் அன்றைய விமானப்படைத் தலைவர் பிறகு சொன்னார். வானிலைத் துறையின் தொலைநகல் ஒன்பது மணிக்குச் சற்று முன்பு டெல்லியில் ஒரு வீட்டுக்குப் போனது. அது பதவியில் இல்லாத முந்தைய அமைச்சரின் வீடு என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வேறொன்று தோன்றியது. சேதி கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டது. அதுவும் அலை நம் கரையைத் தொடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே. அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு முந்நூறு கிலோமீட்டர்தான். அந்த முந்நூறு கிலோமீட்டருக்குப் பாதை இல்லை. கருவி இருந்தது. கருவியின் முன்னால் மனிதர் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு, ‘அடுத்து நான் யாரிடம் சொல்ல வேண்டும்’ என்று யோசிக்காமல் கை போகும் ஒரு வழக்கம் இல்லை.

அந்த வழக்கம் இருந்த ஊர் ஒன்று உண்டு. புதுச்சேரி பக்கத்தில் நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையம் வைத்திருந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று மீனவர்களுக்கு அன்றாடம் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. அன்று காலை சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சேதி கேட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். ஊரார் மையத்தை உடைத்துத் திறந்து அதே ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மூவாயிரத்து அறுநூறு பேர் வரை இருந்த ஊர் கரையை விட்டு ஓடித் தப்பியது.

சிங்கப்பூர் போன் நாகூருக்கும் வந்திருக்கலாம். எங்கள் ஊரில் சபர் போகாத வீடு குறைவு. போன் வந்தாலும் அதை ஊருக்குச் சொல்ல, தினமும் கேட்டுப் பழகிய ஒரு குரல் வேண்டும். நல்லவாட்டில் தினமும் ஒன்றுமில்லாததைச் சொல்லிக்கொண்டிருந்த குரல்தான் அன்றைக்குச் சொல்ல வேண்டியதையும் சொன்னது. அது புதுக் குரலாக இருந்திருந்தால், யாரோ விளையாடுகிறான் என்றுதான் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

*

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. கடலடியில் அழுத்தமானிகள், கரையெங்கும் அலைமானிகள். இப்போது கையில் போன் இருக்கிறது, அதில் எச்சரிக்கை அலறும். இது பெரிய மாற்றம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ‘அப்புறம் எதுக்குப்பா இந்தக் கம்பி?’ என்று கேட்பவர்களுக்கு நான் கஜா புயலைச் சொல்வேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை ஏறியது. எச்சரிக்கையெல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் புயல் போன பிறகு மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் செல்போன் கோபுரங்கள் இல்லை. டெல்டாவில் சில ஊர்களில் வாரக்கணக்கில். நான் சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து உலகத்தின் எந்த மூலையில் உள்ள சர்வரையும் ஒரு நொடியில் தொட்டுப் பார்க்க முடிந்தது. உம்மாவை இரண்டு நாள் தொட முடியவில்லை. மூன்றாம் நாள் போன் கிடைத்தபோது உம்மா கேட்டார்கள், “நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீ ஏன் இப்புடிப் பதறுறே?” அடுத்த வருஷம் நான் தேர்வு எழுதினேன்.

வீட்டு மாடியில் நான் கட்டிய முதல் ஆன்டெனா, 7 மெகாஹெர்ட்ஸுக்கு, சுமார் இருபது மீட்டர் செம்புக்கம்பி. நடுவில் கேபிள், ஒரு முனை மாடிச் சுவரில், மறுமுனை பக்கத்து வீட்டுத் தென்னையில். பக்கத்து வீட்டு நானாவிடம் அனுமதி கேட்டபோது, தேங்காய் பறிக்க இடைஞ்சல் இல்லை என்றால் சரி என்றார். பழைய கார் பேட்டரி ஒன்றில் செட் ஓடும். அவ்வளவுதான். இந்தச் சங்கிலியில் வேறு யாருடைய கோபுரமும் இல்லை.

எங்கள் ஊரில் உயரம் என்றால் தர்காவின் பெரிய மினாராதான். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டித்தந்தது, 131 அடி. அதாவது நாற்பது மீட்டர். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கண்ணுக்குக் கடல் சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர் தெரியும். வாக்கி டாக்கி அலை லேசாக வளைவதால் இருபத்தாறு கிலோமீட்டர் வரை போகும். மன்னருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்பட்டிருக்காது. ஆனால் கடலிலிருந்து திரும்புகிறவர்களுக்குக் கரையைக் காட்டியது அந்த மினாரா. கலங்கரை விளக்கமும் கிட்டத்தட்ட எங்கள் நெட் மாதிரிதான். கப்பல் வருகிறதோ இல்லையோ, ராத்திரி ஆனால் எரிய வேண்டும். கப்பல் வரும் அன்றைக்கு மட்டும் ஏற்றுகிறேன் என்று சொல்ல முடியாது.

எனவே ஆறரை மணி. அது 6:28க்கு மிக அருகில் இருக்கிறது என்பதால் நான் கை தூக்கினேன் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் அல்ல. ஒன்பதரைக்கு எல்லாரும் வருவார்கள். சௌகரியமாக இருக்கும்போது வருவது பழக்கம் ஆகாது. தூக்கத்தோடு எழுந்து, வாய்கூடக் கொப்பளிக்காமல், இருட்டில் சுவிட்சைத் தடவிப் போட்டு, யார் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எழுதி வைக்கிற கை வேண்டும். தந்தி சார் என்ன காரணத்துக்கு ஆறரை என்றார் என்று அவரிடம் பிறகு கேட்டேன். “ஆபீஸ்ல காலை ஷிப்ட் அப்பதாம்ப்பா. முப்பது வருஷப் பழக்கம்” என்றார். 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவையே முடிந்துபோனது. அவர் விரல்கள் இன்னும் டீ டம்ளரில் டா-டிட்-டா-டிட் என்று தட்டிக்கொண்டிருக்கின்றன.

தோற்ற நாலு பேருக்காக ஒரு சமரசமும் செய்தோம். ஆறரைக்கு வருகைப் பதிவு. பேச்சு, அரட்டை, ஆன்டெனா சந்தேகமெல்லாம் ஒன்பதரைக்கு. ஒலிபரப்பில் நூறு வருஷம் முன்பே ஒரு கிளப் காசில்லாமல் நின்றதைப் பார்த்துவிட்டோம். தூக்கமில்லாமல் ஒரு கிளப் நிற்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு நான் நாகூரில்தான் இருந்தேன். ஒன்பது பேரில் நாலு பேர் வந்தார்கள். மன்றத்தில் பாதிகூட இல்லை. காரைக்காலில் பனி என்றார் ஒருவர். வெட்டாற்று முகத்துவாரத்தில் படகுகள் கிளம்பிவிட்டன என்றார் இன்னொருவர். ஆறு நிமிஷத்தில் முடிந்தது. நோட்டில் தேதி போட்டு, நாலு குறிகளை எழுதி, எதிரே நேரத்தை எழுதினேன்.

உம்மா டீயோடு மாடி ஏறி வந்தார்கள். “யாரும் பேசுனாங்களா?”

“நாலு பேரு.”

“என்ன பேசுனீங்க?”

“காரைக்கால்ல பனின்னு பேசுனோம்.”

உம்மா தென்னையில் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தார்கள். “இதுக்குத்தானா இவ்வளவு கம்பி?”

“ஆமா உம்மா,” என்றேன். “இதுக்குத்தான்.”